பழைய பதிப்புக்கான ஆப்பை மூடினால் உண்மையில் எது போகிறது?

டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டம், ஆடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. ஆட்ட விதிகளுக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டது, பழையதுக்கான ஆப்பை எடுத்துவிட்டார்கள் அல்லது எடுக்கப் போகிறார்கள் என்று ஒருவர் புலம்புவார். "புத்தகம் உன் அலமாரியிலதானே இருக்கு, அப்புறம் என்ன?" என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள், "இண்டர்நெட்ல போட்டது எதுவும் அழியாதுண்ணே, தேடினா கிடைக்கும்" என்று பேச்சை முடித்துவைப்பார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் முதல் ஆள் மென்பொருளைப் பற்றிப் பேசுகிறார், இரண்டாம் ஆள் விதிகளைப் பற்றி, மூன்றாம் ஆள் ஏதோ ஒரு கோப்பைப் பற்றி. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால்தான் எதைக் காப்பாற்ற முடியும், எதை முடியாது என்பதே யாருக்கும் பிடிபடாமல் போகிறது.

## புதிதாக வருகிறவர்களுக்கு

ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைந்து, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லி, பகடை உருட்டி ஆடுவதுதான் டேபிள்டாப் ஆர்பிஜி. நடத்துகிறவரை டிஎம் என்பார்கள். பாத்திரத்தின் பலம், ஆயுதம், மந்திரம் எல்லாம் எழுதியிருக்கும் தாளுக்கு கேரக்டர் ஷீட் என்று பேர். இந்த வகையில் முதலில் கடைக்கு வந்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதி 1974-இல் அமெரிக்காவில் வெளியானது.

அதற்குப் பிறகு விதிகளைத் திருத்தித் திருத்தி வரிசையாகப் பதிப்புகள் வந்தன. இரண்டாம் பதிப்பு 1989-இல், மூன்றாவது 2000-இல், அதன் திருத்தமான 3.5 என்பது 2003-இல், நான்காவது 2008-இல், ஐந்தாவது 2014-இல். அந்த ஐந்தாவதையே திருத்தி 2024-இல் மறுபடி புத்தகம் போட்டார்கள். நாவலுக்கு மறுபதிப்பு வருவதுபோல இதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே பதிப்பு மாறினால் கணக்கே மாறும்.

பழையதிலேயே நிற்கிறவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று கிண்டல் செய்வது சுலபம். பினாங்கில் பாதிக் காரணம் பணம்தான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஆட்டக்காரர் புத்தகத்தின் அட்டை விலை 49.95 அமெரிக்க டாலர். டிஎம்மாக இருப்பவருக்கு மூன்று புத்தகம் வேண்டும். மலேசிய வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்த்தால், இருக்கிற புத்தகமே போதும் என்று தோன்றுவதில் என்ன ஆச்சரியம்? சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவது ஒன்று அகப்பட்டால் அது அந்த வருடத்து அதிர்ஷ்டம். இன்னொரு பாதிக் காரணம், ஓடிக்கொண்டிருக்கும் கதை. வருடக்கணக்காக வளர்த்த பாத்திரத்தை யாரும் சும்மா தூக்கிப் போட மாட்டார்கள்.

இதில் டிஜிட்டல் கருவி எங்கே வருகிறது என்றால், ஜெலுத்தோங்கில் ஒரே வீட்டில் கூடி ஆடிய பசங்களில் ஒருவன் வேலைக்குக் கோலாலம்பூர் போகிறான், ஒருத்தி சிங்கப்பூர் போகிறாள், மேசை கலைந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஆட்டம் தொடர்வது 2012-இல் வந்த ரோல்20 மாதிரியான ஆன்லைன் மேசைகளில்தான். அங்கே வரைபடம், பகடை, ஷீட் எல்லாம் திரையில் இருக்கும். கருவி போனால் அவர்களுக்கு ஆட்டமே போய்விடுகிறது.

## ஒரே வானம், இரண்டு பஞ்சாங்கம்

சித்திரைக்கு முன்னால் லிட்டில் இந்தியாவில் பஞ்சாங்கம் வாங்கப் போனால், வாக்கியமா திருக்கணிதமா என்று கடைக்காரர் கேட்பார். இரண்டும் பார்ப்பது ஒரே வானத்தைத்தான், கணக்குப் போடும் முறைதான் வேறு. அதனால் தேதியும் வேறாக வரும். திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29 அன்று நடந்தது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலோ, எங்களுக்கு அது 2026-இல்தான் என்று அறிவித்தது. இப்போது உங்கள் கைப்பேசியில் ஒரு பஞ்சாங்க ஆப் இருக்கிறது, இரண்டு கணக்கும் அதில் உண்டு என்று வையுங்கள். ஒரு நாள் அப்டேட் என்ற பெயரில் வாக்கியத்தை எடுத்துவிட்டு எல்லாத் தேதியையும் திருக்கணிதத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். வாக்கிய முறை எங்கும் அழிந்துவிடவில்லை, அச்சிட்ட பஞ்சாங்கம் கடையில் கிடைக்கும். ஆனால் உங்களுக்காகக் கணக்குப் போட்டுக் கொடுத்த கை போய்விட்டது, போதாக்குறைக்கு நீங்கள் குறித்து வைத்திருந்த நாட்களும் சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிட்டன.

பதிப்பு விஷயமும் இதேதான். இரண்டாம் பதிப்பில் ஒருவரை அடிக்க, தாக்கோ என்ற எண்ணை வைத்துக் கழிக்க வேண்டும். அதில் எதிரியின் கவச எண் குறையக் குறைய அவன் பலசாலி. உங்கள் தாக்கோ 15, எதிரியின் கவசம் 4 என்றால் 15-இல் 4 போக 11, அதாவது இருபது பக்கப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். மூன்றாம் பதிப்பில் இதைத் தலைகீழாக்கினார்கள். கவச எண் கூடக் கூட பலம். அதே எதிரியின் கவசம் இப்போது 16, உங்களுக்குக் கூடுதல் 5, ஆகவே 16-இல் 5 போக மறுபடியும் 11. விடை ஒன்றேதான். ஆனால் முதல் கணக்குக்கு எழுதிய மென்பொருளில் இரண்டாவது கணக்கின் எண்ணைப் போட்டால், நல்ல கவசம் போட்டவன் ஏறக்குறைய ஒவ்வொரு அடியையும் வாங்குவான். ஒரு பதிப்பின் கருவியை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாததற்கு இதுதான் அடிப்படை.

## கருவிக்குள் என்னென்ன இருக்கிறது

ஆப் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். திறந்து பார்த்தால் நாலு அடுக்கு இருக்கும். முதலாவது விதி, எப்படி அடிப்பது, எப்படி குணமாக்குவது என்ற முறை. இரண்டாவது டேட்டா, நூற்றுக்கணக்கான மந்திரங்கள், ஆயுதங்கள், அரக்கர்களின் பட்டியல். மூன்றாவது நிரல், அந்தப் பட்டியலை எடுத்துக் கணக்குப் போடும் மென்பொருள். நாலாவது தளம், அந்த நிரல் எதன்மேல் ஓடுகிறதோ அது: உங்கள் கணினியின் விண்டோஸாக இருக்கலாம், பிரவுசராக இருக்கலாம், எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வராகவும் இருக்கலாம். சர்வர் என்றால் உங்களுக்குப் பதில் வேலை செய்யும் தூரத்துக் கணினி, அவ்வளவுதான்.

அலமாரியில் புத்தகம் இருக்கிறதே என்கிறவர் சொல்வது முதல் அடுக்கையும் இரண்டாம் அடுக்கில் ஒரு பகுதியையும் மட்டுமே. ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு விதமாகப் பழுதாகும், அதனால் மருந்தும் வேறு வேறு.

## தளம் போய்விட்டால்: நான்காம் பதிப்பின் கதை

இதைப் புரிந்துகொள்ள நான்காம் பதிப்பைவிட நல்ல உதாரணம் கிடையாது. கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அந்தப் பதிப்பில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கைநிறைய சக்திகள் இருக்கும், ஒவ்வொன்றையும் ஒரு அட்டைபோல எடுத்துப் போட வேண்டும். கையால் எழுதி ஆடலாம், ஆனால் பலரும் டி அண்ட் டி இன்சைடர் என்ற மாதச் சந்தா சேவையில் இருந்த கேரக்டர் பில்டரை வைத்துத்தான் ஆடினார்கள். முதலில் அது உங்கள் கணினியில் இறக்கி நிறுவிக்கொள்ளும் மென்பொருளாக இருந்தது. 2010 நவம்பரில் அதை ஓரம்கட்டிவிட்டு பிரவுசரில் ஓடும் புது பில்டரைக் கொண்டுவந்தார்கள். அந்தப் புது பில்டர் மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் என்ற செருகு மென்பொருளை நம்பி எழுதப்பட்டது. செருகு மென்பொருள் என்றால் பிரவுசருக்குத் தெரியாத வேலையைச் செய்ய அதில் கூடுதலாகச் செருகும் துண்டு.

அப்புறம் பிரவுசர்கள் ஒவ்வொன்றாக சில்வர்லைட்டைக் கைவிட்டன. 2020 பிறக்கும்போது இன்சைடர் சேவையையே மூடிவிட்டார்கள். மைக்ரோசாஃப்டும் 2021 அக்டோபரோடு சில்வர்லைட்டுக்கான ஆதரவை நிறுத்தியது. ஆக, நிரலில் பிழை எதுவும் வரவில்லை, டேட்டாவும் கெட்டுப்போகவில்லை, கீழே இருந்த தளம் நகர்ந்துவிட்டது. அதைவிட வேடிக்கை என்னவென்றால், 2010-இல் ஓரம்கட்டப்பட்ட பழைய மென்பொருளை நிறுவி வைத்திருந்தவர்கள் புதியது செத்த பிறகும் அதைப் பயன்படுத்த முடிந்தது. அது சர்வரைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லையே!

"புத்தகம் இருக்கே" என்கிற வாதம் சறுக்குவதும் இங்கேதான். நான்காம் பதிப்புக்கு அச்சுக்குப் பிறகு ஏகப்பட்ட திருத்தங்கள் வந்தன, அவை சேர்ந்துகொண்டே போனது ஆன்லைன் டேட்டாவில்தான். அந்தக் காலத்தில் டிராகன், டன்ஜன் என்ற இரண்டு பத்திரிகைகளும் அச்சை நிறுத்திவிட்டு ஆன்லைனுக்குப் போயிருந்ததால், அவற்றில் வந்த புதுச் சக்திகளில் பெரும்பகுதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆகவே அலமாரியில் இருப்பது அந்த ஆட்டத்தின் ஒரு பழைய நிலை மட்டுமே.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: பதிப்பு மாறினால் கணக்கு மாறும், கருவி நாலு அடுக்கு, அதில் அடித்தளம் போனால் மேலே எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

## டேட்டாவின்மேல் எழுதிவிட்டால்

இரண்டாம் வகைப் பழுது இதைவிட நைசானது. சேவை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், உங்கள் பாத்திரம் மட்டும் மாறிப்போயிருக்கும்.

காரணம் இதுதான். ஆன்லைன் ஷீட்டில் நீங்கள் ஒரு மந்திரத்தைச் சேர்க்கும்போது அந்த மந்திரத்தின் முழு விவரமும் உங்கள் ஷீட்டில் எழுதப்படுவதில்லை. ஒரு குறிப்பு எண் மட்டும் பதிவாகும். ஷீட்டைத் திறக்கும்போது நிரல் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு பொதுப் பட்டியலுக்குப் போய் விவரத்தை வாங்கி வந்து காட்டும். இடமும் மிச்சம், பிழை இருந்தால் ஒரே இடத்தில் திருத்தலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பொதுப் பட்டியலில் யாராவது பழைய விவரத்தின்மேல் புதியதை எழுதினால், அந்த எண்ணை வைத்திருக்கும் எல்லோருடைய ஷீட்டும் அதே நொடியில் மாறும்.

கியூர் வூண்ட்ஸ் என்ற குணமாக்கும் மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 விதியில் அடிமட்ட நிலையில் ஒரு எட்டுப் பக்கப் பகடை உருட்ட வேண்டும், 2024 விதியில் இரண்டு. 2024 ஆகஸ்டில் டி அண்ட் டி-யின் அதிகாரபூர்வ ஆன்லைன் கருவியான டி அண்ட் டி பியாண்ட் தளம், பழைய மந்திரங்களும் மாயப் பொருட்களும் ஷீட்டில் புது வடிவத்துக்கு மாற்றப்படும், பழையது வேண்டுமென்றால் நீங்களே கையால் உருவாக்கிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி அறிவித்தது. பயன்படுத்துகிறவர்கள் கொதித்துப் போனார்கள், ஏனென்றால் பலர் 2014 புத்தகங்களை அந்தத் தளத்திலேயே காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். சில நாட்களிலேயே முடிவை மாற்றி, பழைய வடிவமும் இருக்கும் என்றார்கள்.

இது சதி என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, சோம்பல் என்றுதான் சொல்வேன், அதுவும் புரிந்துகொள்ளக்கூடிய சோம்பல். இரண்டு வடிவத்தையும் வைத்திருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பதிவுக்கும் எந்த ஆண்டு விதி என்ற அடையாளம் வேண்டும், தேடலில் இரண்டும் வந்து குழப்பாமல் இருக்க வேண்டும், 2014 விதிப்படி உருவாக்கிய பாத்திரம் 2024 மந்திரத்தை எடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும், இனி சேர்க்கும் ஒவ்வொரு வசதியையும் இரண்டு முறை சோதிக்க வேண்டும். செலவு பிடிக்கும் வேலை. ஆனால் செய்யவே முடியாத வேலை ஒன்றும் இல்லை. இதே வகையைச் சேர்ந்த பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் விதிகளை வைத்திருக்கும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் முதல் பதிப்பும் இருக்கிறது, 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பும் இருக்கிறது, 2023-இல் அதைத் திருத்திப் போட்ட பிறகும் பழைய வடிவத்தைப் பார்க்க வழி வைத்திருக்கிறார்கள்.

## பிடிஎஃப் இருந்தால் போதாதா?

போதாது, ஆனால் இல்லாமலும் முடியாது. பிடிஎஃப் என்பது விதியும் டேட்டாவும் படிக்கிற வடிவத்தில் இருப்பது. கணக்குப் போடாது. அதையும் நம்பி உட்கார முடியாது என்று 2009 ஏப்ரலில் தெரிந்தது. திருட்டு நகல்களைக் காரணம் காட்டி டி அண்ட் டி பிடிஎஃப் விற்பனை முழுவதையும் அதை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் நிறுத்தியது, பழைய பதிப்புகளும் சேர்ந்தே போயின. 2013 ஜனவரியில்தான் மறுபடி விற்க ஆரம்பித்தார்கள். நடுவில் வாங்க நினைத்தவருக்கு நேர்மையான வழியே இல்லை.

## உரிமம்: யார் மறுபடி கட்டலாம்

தளம் போனது, நிறுவனம் கைவிட்டது, சரி, ரசிகர்களே புதிதாக ஒரு கருவி எழுதக்கூடாதா? இங்கே வருவது உரிமம். அடுத்தவர் எழுதியதை எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் அனுமதிச் சீட்டு அது.

ஆட்டம் ஆடும் முறைக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது, அதை விவரித்து எழுதிய வாசகங்களுக்கும் படங்களுக்கும்தான் உண்டு. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டமும் கருத்துக்கும் செய்முறைக்கும் பாதுகாப்பு இல்லை என்றே சொல்கிறது. ஆகவே 15-இல் 4 போக 11 என்று கணக்குப் போடும் நிரலை யாரும் எழுதலாம். நூற்றுக்கணக்கான மந்திரங்களின் வாசகத்தை அப்படியே அள்ளிப் போடுவதுதான் வம்பு.

2000-இல் மூன்றாம் பதிப்போடு ஓபன் கேம் லைசன்ஸ் என்ற திறந்த உரிமத்தைக் கொடுத்தார்கள், அதன்படி அடிப்படை விதிகளின் வாசகத்தையே பிறர் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. பிசிஜென் என்ற இலவச ஷீட் தயாரிப்பு மென்பொருளில் மூன்றாம் பதிப்பு குடும்பம் முழுக்க வேர்விட்டது அதனால்தான். 2006-இல் அதே உரிமத்தை வைத்து முதல் பதிப்பு விதிகளைப் புதிய வாசகத்தில் மறுபடி எழுதி ஓஸ்ரிக் என்று வெளியிட்டார்கள். நான்காம் பதிப்புக்குக் கொடுத்த உரிமம் இறுக்கமானது, விதி வாசகத்தை அள்ளித் தரவில்லை. அதனால் சில்வர்லைட் போனபோது அந்த இடத்தைச் சட்டப்படி நிரப்ப ஆளில்லை. ஐந்தாம் பதிப்பு தப்பித்தது. 2023 ஜனவரியில் பழைய திறந்த உரிமத்தை மாற்றப் பார்த்துப் பெரிய எதிர்ப்பு வந்து, கடைசியில் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். பெயர் குறிப்பிட்டால் போதும், யாரும் பயன்படுத்தலாம், கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது.

ஆக, தொழில்நுட்பம் கெட்டால் இன்னொருவர் சரிசெய்யலாம். உரிமம் இல்லையென்றால் சரிசெய்யத் தெரிந்தவரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். நிறுவனங்களைப் பார்த்து "ஆப்பை மூடாதே" என்று கத்துவதைவிட "மூடும்போது விதி வாசகத்தைத் திறந்து விடு" என்று கேட்பது பயனுள்ளது என்று நான் நினைப்பது இதனால்தான். இருபது வருடம் சர்வருக்கு வாடகை கட்டு என்றால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

## நம்ம மேசையில் என்ன செய்யலாம்

முதலில் உங்கள் கருவி எந்தத் தளத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு ஷீட்டைத் திறந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். திறக்கவில்லை என்றால் அது உங்களிடம் இல்லை, அவர்களிடம் இருக்கிறது.

அப்படியானால் ஷீட்டை வெளியே எடுக்க வேண்டும். பிடிஎஃப்பாக எடுத்தால் படிக்கலாம். ஜேசன் வடிவத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அது மனிதரும் படிக்கலாம் மென்பொருளும் படிக்கலாம் என்கிற சாதாரண எழுத்துக் கோப்பு. ஆனால் மேலே சொன்ன குறிப்பு எண் விஷயத்தை மறக்க வேண்டாம், சில சமயம் வெளியே வரும் கோப்பில் எண் மட்டும் இருந்து விவரம் இருக்காது. திறந்து, மந்திரத்தின் பெயரும் பகடையும் எழுத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

சொந்தக் கணினியில் ஓடும் மேசைகளை வைத்திருக்கிறவர்களுக்கு வேறு வகைத் தொல்லை. 2020-இல் வந்த ஃபவுண்ட்ரியை எடுத்துக்கொண்டால், ஒருமுறை காசு கொடுத்து வாங்கி உங்கள் கணினியிலேயே நடத்தலாம், நிறுவனம் நினைத்தாலும் உங்கள் கதையைத் தொட முடியாது. ஆனால் அதன் பெரிய அப்டேட் ஒவ்வொன்றிலும் பழைய பதிப்புக்கான துணைத் தொகுப்புகள் உடையலாம், அவற்றைப் பராமரிக்கிறவர் எங்கோ ஒரு ஊரில் வேலை முடிந்து வந்து இரவில் உட்காரும் ஒரு தன்னார்வலராக இருப்பார். அதனால் கதை ஓடிக்கொண்டிருக்கும்போது அப்டேட் பொத்தானைத் தொடாதீர்கள். பழைய வெர்ஷனை இறக்கிக்கொள்ள அவர்களே வழி வைத்திருக்கிறார்கள். கதை நடக்கும் அந்த வெர்ஷனையும், துணைத் தொகுப்பையும், கதைக் கோப்புகளையும் சேர்த்து ஒரே நகலாக வையுங்கள், ஏனென்றால் இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை திறக்காமல் போகலாம்.

1996-இல் இரண்டாம் பதிப்புக்கு வந்த கோர் ரூல்ஸ் சிடி மாதிரி ரொம்பப் பழையதை வைத்திருப்பவர்கள் மெய்நிகர் கணினி முறையைப் பார்க்கலாம். உங்கள் இன்றைய கணினிக்குள் ஒரு பழைய விண்டோஸ் ஓடுவதுபோல நடிக்க வைக்கும் மென்பொருள் அது. அந்தப் பழைய மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் முதலில் சிடியில் இருப்பதைக் கோப்பாக மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள், பினாங்கு வெக்கையிலும் ஈரத்திலும் அலமாரியில் கிடக்கும் சிடி நமக்காகக் காத்திருக்காது.

நகல் எடுத்த பிறகு, குழுவில் வேறொருவர் கணினியில் அதைத் திறந்து ஒரு சண்டையை ஓட்டிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் இப்போதே தெரியட்டும், மூலக் கோப்பு இன்னும் கையில் இருக்கிறது.